ஏஜென்ட்டா, அகாடமியா, கோட்டா வேலையா? பூட்ஸ் கழற்றிய தம்பிக்காகப் போட்ட கணக்கு

மதுரை அரசரடி ரயில்வே மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஃபுட்பால் ஆட்டம் முடிந்ததும் பருத்திப்பால் குடித்துவிட்டுக் கலைவது எங்கள் பழக்கம். போன மாதம் ஒரு ஞாயிறு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தம்பி கேட்டான்: "அண்ணே, ஏஜென்ட் லைசென்ஸ் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். எழுதட்டுமா, வேண்டாமா?" வீரர்களுக்காகக் கிளப்புகளிடம் ஒப்பந்தம் பேசிக் கமிஷன் வாங்கும் ஃபுட்பால் ஏஜென்ட்டைத்தான் சொல்கிறான்.

உடன்பிறந்த தம்பி இல்லை. நான் பி.டி. மாஸ்டராக இருக்கும் பள்ளியில் படித்தவன், ஆறாம் வகுப்பிலிருந்து என் கண்முன்னால் வளர்ந்தவன். இப்போது வயது 34. ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் நின்று தடுப்பவன். சென்னை லீக்கில் ஆரம்பித்து ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் நான்கு சீசன், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணி ஒன்றில் ஒரு சீசன் பெரும்பாலும் பெஞ்சில். வலது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. மனைவி நர்ஸ், மகள் யு.கே.ஜி. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. ஒன்றரை வருஷம் தாங்கும் என்கிறான்.

அவனைச் சுற்றி மூன்று குரல்கள். மாமனார் அரசு வேலை என்கிறார். கூட ஆடியவர்கள் அகாடமி ஆரம்பி என்கிறார்கள். அவன் மனசு ஏஜென்ட் பக்கம் போகிறது. மூன்றையும் நான் உட்கார்ந்து அலசினேன். இதே நிலையில் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இன்னும் பல பையன்கள் இருக்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வேலையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. எனக்கு முந்தைய தலைமுறைக்கு ஃபுட்பால் என்றாலே டிபார்ட்மென்ட் வேலைதான். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப் என்று பெயர் சொல்லிப் பையனை அனுப்புவார்கள். ஆட்டம் முடிந்தாலும் மேசை இருக்கும், பென்ஷன் இருக்கும். இன்றைக்கும் அந்தக் கதவு முழுவதுமாக மூடவில்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயிலும் கோட்டா இருக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்துகொண்டே ஆடியவர். ஆனால் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பை எடுத்துப் பார்த்தால் வயது 18 முதல் 25 என்றுதான் போட்டிருக்கும். தம்பிக்கு அந்த ரயில் ஒன்பது வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. அப்போது ஐ-லீக் ஒப்பந்தம் கையில் இருந்ததால் விண்ணப்பம்கூட வாங்கவில்லை. இப்போது 21, 22 வயதில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: சர்ட்டிஃபிகேட்டுகளை லேமினேட் செய்து சுவரில் மாட்டுவது இருக்கட்டும், முதலில் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.

ஆக மிச்சம் இருப்பது பயிற்சியும் ஏஜென்ட் தொழிலும்.

பயிற்சியாளர் பாதை தெளிவான பாதை. டி, சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ என்று லைசென்ஸ் படிப்படியாக இருக்கிறது. ஆடிய ஆளுக்கு முதல் இரண்டு படிகள் கஷ்டமே இல்லை. சையது சபீர் பாஷா நல்ல உதாரணம். இந்தியன் வங்கிக்கு ஆடினார், அதே அணிக்குப் பயிற்சி கொடுத்தார், பிறகு ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி-யில் துணைப் பயிற்சியாளர். 2022-ல் இடையில் தலைமைப் பொறுப்பும் வந்தது. அவருக்குப் பின்னால் வங்கி வேலை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

மதுரையில் பயிற்சி என்றால் இரண்டு வகை. ஒன்று பள்ளி. எனக்குத் தெரிந்த பையன்கள் தனியார் பள்ளிகளில் மாதம் 15,000-லிருந்து 25,000 வரை வாங்குகிறார்கள். ஏப்ரல், மே சம்பளம் பள்ளியைப் பொறுத்தது. இன்னொன்று சொந்த அகாடமி. 40 பிள்ளைகள், தலைக்கு மாதம் 800 என்று வைத்தால் 32,000. இதில் கிரவுண்டு வாடகை, பந்து, கோன், பிப், ஒரு துணைப் பயிற்சியாளரின் சம்பளம் எல்லாம் கழியும். பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பிள்ளைகள் ட்யூஷனுக்குப் போய்விடுவார்கள். கையில் 15,000 நின்றால் நல்ல மாதம். ஆனாலும் அது மாதாமாதம் வரும் பணம்.

அகாடமிக்காரர்கள் இன்னொரு நம்பிக்கை சொல்வார்கள்: "நம்ம பையன் ஒருத்தன் பெரிய கிளப்புக்குப் போனா நமக்கும் பங்கு வரும்." பங்கு உண்டு, அதற்கு உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவில் விதியே இருக்கிறது. ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறும்போது, புதுக் கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் மாற்றுத்தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயதிலிருந்து 23 வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு சீசனுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம். நான்கு வருஷம் வளர்த்த பையன் ஒரு கோடிக்கு வெளிநாடு போனால் அகாடமிக்கு ஒரு லட்சம். அதுவும் அகாடமி முறையாகச் சங்கத்தில் பதிவாகி, பையனின் பெயரும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பதிவு முறையில் ஏறியிருந்தால் மட்டும். இந்தியாவிலிருந்து மாற்றுத்தொகையோடு வெளியே போகிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அதை நம்பி கிரவுண்டு வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

இனி ஏஜென்ட். இதில்தான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் ஒரு பழைய காயம் இருக்கிறது.

இருபத்திரண்டு வயதில் வெளிமாநிலக் கிளப் ஒன்றுக்கு என்னைக் கொண்டுபோனவர் தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொண்டார். பெயர் வேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன்னால், ஒரு காரின் பானட் மேல் இரண்டு தாளை விரித்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கையெழுத்து வாங்கினார். ஆங்கிலத் தாள். நான் படிக்கவில்லை. பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, அம்மா ஜன்னல் வழியாகப் பொட்டலம் நீட்டிக்கொண்டிருந்தாள். நகல் கைக்கு வந்தது ஐந்து மாதம் கழித்து. அப்போதுதான் தெரிந்தது: கிளப் விரும்பினால் அதே சம்பளத்தில் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம், நான் விரும்பினால் எதுவும் செய்ய முடியாது. அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று ஒரு வரியும் இல்லை. சம்பளம் "மாதந்தோறும்" என்று இருந்தது, எந்தத் தேதிக்குள் என்று இல்லை. முதல் இரண்டு மாதச் சம்பளம் அந்த மனிதருக்குப் போனது. கடைசி மூன்று மாதச் சம்பளம் எனக்கு வரவே இல்லை. யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியாது.

அதனால் தம்பி ஏஜென்ட் ஆகட்டுமா என்று கேட்டபோது, என் மனசுக்குள் முதலில் வந்த பதில் "ஆகு, சீக்கிரம் ஆகு" என்பதுதான். பிறகுதான் கணக்கு பார்த்தேன்.

தொழில் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். 2015-ல் ஃபிஃபா ஏஜென்ட் லைசென்ஸ் முறையைக் கைவிட்டது. பரீட்சை எழுதாமலே யாரும் இடைத்தரகராகப் பதிந்துகொள்ளலாம் என்று ஆனது. 2023-ல் லைசென்ஸ் திரும்பி வந்தது. முதல் பரீட்சை அந்த வருஷம் ஏப்ரலில். 20 கேள்வி, ஒரு மணி நேரம், 75 சதவீதம் எடுக்க வேண்டும், அதாவது 15 கேள்வி சரியாக வேண்டும். விதிப்புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். கேட்கச் சுலபம். ஆனால் பரீட்சை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில்தான். கேள்விகளும் மனப்பாடக் கேள்விகளாக இருக்காது. இன்ன வயது வீரர், இந்தத் தேதியில் ஒப்பந்தம், இந்தக் கிளப் இவ்வளவு பாக்கி, எது சரி என்று கதை சொல்லிக் கேட்பார்கள். தமிழ் மீடியத்தில் படித்த பையன் மூன்று நிமிஷத்துக்குள் அந்தக் கதையைப் படித்து, சட்டத்தில் இடம் தேடி, விடை போட வேண்டும். ஆறு மாதம் உட்கார்ந்தால் முடியும் என்று நம்புகிறேன். ஆறு வாரத்தில் முடியாது.

தேறினால் லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு 600 டாலர். நம் பணத்தில் 50,000-க்கு மேல். வருமானம் எவ்வளவு? ஃபிஃபா விதிப்புத்தகத்தில் வருஷச் சம்பளம் 2 லட்சம் டாலர் வரை உள்ள வீரரிடம் அதிகபட்சம் 5 சதவீதம் என்று இருக்கிறது. நீதிமன்ற வழக்குகளால் இந்த உச்சவரம்பை 2023 டிசம்பர் இறுதியில் நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் நம் பையன்களிடம் 5-க்கு மேல் கேட்பது நியாயமில்லை என்பதால் அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். வருஷம் 10 லட்சம் வாங்கும் வீரர் ஒருவர் என்றால் கமிஷன் 50,000. அதாவது முதல் வீரரின் கமிஷன் லைசென்ஸுக்கே சரியாகிவிடும். இரண்டாவது வீரரின் கமிஷன் சென்னை, கோவா, கொல்கத்தா என்று அலையும் ரயில் டிக்கெட்டுக்கு. மூன்றாவது, நான்காவது ஆளின் பணம்தான் வீட்டுக்கு. மாதம் 25,000 வீட்டுக்கு வர வேண்டுமென்றால் இந்த அளவு சம்பளத்தில் எட்டு வீரர்களாவது வேண்டும். புது ஏஜென்ட்டை நம்பி எட்டு பேர் வர எத்தனை வருஷம்? நான் மூன்று என்று வைக்கிறேன். தம்பியின் சேமிப்பு ஒன்றரை வருஷம்.

கிளப் சம்பளம் கொடுத்தால்தான் கமிஷனும் வரும் என்பது இன்னொரு விஷயம். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டபோது பார்த்தோமே. சம்மேளனமும் போட்டியை நடத்தும் நிறுவனமும் 2010-ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது, புதியது தயாராக இல்லை என்பதுதான் காரணம். சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. இரண்டு தடவை கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி-யும் அந்தச் சிக்கலில் மாட்டியது. பள்ளியில் கோச்சாக இருந்தவனுக்கு அந்த மாதமும் சம்பளம் வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு "அப்போ அகாடமியே ஆரம்பிச்சு, சைடுல ஏஜென்ட் வேலையும் பாக்குறேன்" என்றான் தம்பி. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அது முடியாது. லைசென்ஸ் கேட்பவர் கிளப், லீக், சங்கம் எதிலும் நிர்வாகியாகவோ ஊழியராகவோ இருக்கக் கூடாது. கிளப்பிலோ அகாடமியிலோ பங்கும் வைத்திருக்கக் கூடாது. அகாடமி என்ற வார்த்தையே விதியில் இருக்கிறது. காரணமும் நியாயமானது. பிள்ளையை வளர்ப்பவனும் விற்பவனும் ஒரே ஆளாக இருந்தால் பிள்ளைக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

போர்ச்சுகல் வீரர் டெக்கோவைப் பாருங்கள். 2004-ல் போர்ட்டோவோடும் 2006-ல் பார்சிலோனாவோடும் சாம்பியன்ஸ் லீக் வென்றவர். ஆட்டம் முடிந்ததும் ஏஜென்ட் ஆனார். 2022-ல் பிரேசில் வீரர் ரஃபீன்யா இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்பிலிருந்து பார்சிலோனா போனபோது அவருடைய ஏஜென்ட் டெக்கோதான். அடுத்த வருஷம் அதே பார்சிலோனாவில் விளையாட்டு இயக்குநராகச் சேர்ந்தார், ஏஜென்ட் தொழிலை விட்டுவிட்டார். மேசையின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அவ்வளவு பெரிய ஆளே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பெரிய ஆட்டக்காரர்தான் நல்ல ஏஜென்ட் ஆவார் என்பதும் இல்லை. உலகின் பெரிய ஏஜென்ட்டுகளில் ஒருவரான ஹோர்ஹே மென்டிஸ் கீழ்மட்ட லீக்கில் ஆடியவர், வீடியோ கடையும் இரவு விடுதியும் நடத்தியவர். 1996-ல் நூனோ என்ற கோல்கீப்பரை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது அவருடைய முதல் ஒப்பந்தம். தம்பி ஐஎஸ்எல்-இல் பெஞ்சில் இருந்தான் என்பது இந்தத் தொழிலுக்குக் குறை இல்லை. பெஞ்சில் இருப்பவனுக்கு என்னென்ன நடக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். சம்பளம் தாமதமானால் யாருக்கு முதலில் தாமதமாகும், ஆபரேஷனுக்குப் பிறகு யாருடைய போனை எடுக்க மாட்டார்கள், எல்லாம் பட்டுத் தெரிந்தவன்.

அப்படி ஒரு ஆள் நம் பக்கத்துக்கு எவ்வளவு தேவை என்று இரண்டு இடத்தில் பார்க்கிறேன்.

ஒன்று, பெற்றோர்கள். "உங்க பையனை ஸ்பெயின் கிளப்புல சேர்த்துவிடறேன், மூணு லட்சம் ஆகும்" என்று அவனியாபுரத்தில் ஆட்டோ ஓட்டும் அப்பாவிடம் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பையனுக்கு 14 வயது. 18 வயது ஆகாதவரை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது என்பது ஃபிஃபாவின் பொது விதி, விலக்குகள் மிகச் சில. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டாக இருந்தாலும், பையன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதம் முன்னால்தான் அணுகலாம், அதுவும் பெற்றோர் எழுத்தில் சம்மதித்த பிறகு. இந்த இரண்டு வரியைத் தமிழில் சொல்ல மதுரையில் ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த அப்பா முன்பணம் கொடுத்திருக்க மாட்டார்.

இன்னொன்று, நம் பெண்கள். மதுரைக்கென்று சேது எஃப்சி இருக்கிறது. 2018-19 சீசனில் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற அணி. ஆண்கள் கால்பந்தில் நம் ஊர் தொடாத உயரத்தை அந்தப் பெண்கள் தொட்டார்கள். மகளிர் லீக் கிளப்புகள் குறைந்தது பத்து வீராங்கனைகளையாவது வருஷம் 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. 5 சதவீதம் என்றால் 16,000. இதற்காக எந்தப் பெரிய ஏஜென்சியும் சென்னை தாண்டி வராது. ஆனால் காயம், கல்லூரி அட்மிஷன், கல்யாணப் பேச்சு என்று ஒப்பந்தத்தில் சிக்கல் அதிகம் வருவது இவர்களுக்குத்தான்.

சம்பளப் பாக்கியும் அப்படித்தான். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுத்து, வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்று ஃபிஃபா 2018-ல் ஒரு விதி சேர்த்தது. நான் ஆடும் காலத்தில் அது இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் அந்த நோட்டீஸை எப்படி எழுதுவது, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று நம் டிரெஸ்ஸிங் ரூமில் சொல்ல ஆள் இல்லை.

சரி, தம்பிக்கு நான் என்ன சொன்னேன்?

சொந்த அகாடமி வேண்டாம் என்றேன். மூன்று வழிகளில் அது ஒன்றுதான் இன்னொரு வழியை அடைக்கிறது, அடைத்துவிட்டு நல்ல மாதத்தில் 15,000 கொடுக்கிறது. அதற்குப் பதில் பள்ளி வேலை. லீக்கில் பதிவாகாத சாதாரணப் பள்ளி, கிளப்பும் இல்லை, அகாடமியும் இல்லை. சேரும் முன்னால் அதை எழுத்தில் உறுதி செய்துகொள். மாவட்டச் சங்கத்தில் தேர்வுக்குழு, கமிட்டி என்று எந்தப் பதவிக்குக் கூப்பிட்டாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. பள்ளியில் நீ பயிற்சி கொடுக்கும் பிள்ளையை ஒருபோதும் உன் ஒப்பந்தத்தில் எடுக்காதே. இது விதிக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. மாதச் சம்பளம் வீட்டை ஓட்டட்டும், சேமிப்பு பரீட்சைக்கும் முதல் இரண்டு வருஷ லைசென்ஸுக்கும் இருக்கட்டும். எட்டு வீரர் சேரும்வரை வேலையை விடாதே.

மனைவியின் சம்பளம் இல்லையென்றால் இதை நான் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டில் இவன் ஒருவன் சம்பாத்தியம்தான் என்றால் சி லைசென்ஸ் வரை முடித்து, பள்ளிக் கோச்சாகவே இரு என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் மரியாதையான பிழைப்பு, நானே அதில்தான் இருக்கிறேன்.

அவனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. "அண்ணே, நானும் கமிஷன் வாங்கத்தானே போறேன்? உங்களைக் கூட்டிட்டுப் போனவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" நான் வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்தப் பழைய இரண்டு தாளை எடுத்துக் காட்டினேன். மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியது. படித்துப் பார்த்தான். நீட்டிப்பு வரிக்கு வந்ததும் பேனா கேட்டான். ஓரத்தில் கோடு போட்டு, "இதுல அண்ணன் கையெழுத்து போட்டிருக்கக் கூடாது" என்று எழுதினான். ஏஜென்ட் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்றேன்.

மறுநாளே விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் இப்போது நேராக என் வீட்டுக்கு வருகிறோம். அவன் ஆங்கிலத்தில் வாசிக்கிறான், இருவரும் சேர்ந்து அர்த்தம் பார்க்கிறோம், அவன் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்கிறான். நேற்று 12-ஆம் பக்கம் முடித்தோம்.